தசைக்குள் ஒளிந்த பொட்டாசியம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் தம்பிக்கு 28 வயது. கல்யாண வீட்டில் இரவு வயிறாரச் சாப்பிட்டுப் படுத்தவன், விடியற்காலை எழப் பார்த்தால் இரண்டு காலும் அசையவில்லை. நினைவு தெளிவாக இருந்தது, பேச்சும் குழறவில்லை. ஆஸ்பத்திரியில் முதலில் குளுக்கோஸ் பாட்டில் ஏற்றினார்கள். கையையும் தூக்க முடியாமல் போயிற்று. அப்புறம்தான் பொட்டாசியம் 2.0 என்று தெரிந்து அதைக் கொடுத்தார்கள். மாலையில் எழுந்து நடந்துவிட்டான், ஆனால் பொட்டாசியம் 5.8-க்கு ஏறியிருந்தது. இப்போது தைராய்டு டெஸ்ட் எழுதிக்கொடுத்திருக்கிறார்கள். காலுக்கும் கழுத்துக்கும் என்ன சம்பந்தம்?
— வாசகி, நாமக்கல்

பதில்: நிறையவே சம்பந்தம் உண்டு. தைராய்டு ஹார்மோன் மிகுந்து, ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து, தசை சில மணி நேரம் செயலிழக்கும் ஒரு வகைப் பக்கவாதமாக இது இருக்கலாம். உங்கள் தம்பிக்கு வாந்தியோ பேதியோ இல்லையென்றால், பொட்டாசியம் உடம்பைவிட்டுப் போயிருக்க வாய்ப்பு குறைவு. தசைக்குள் போய் அடைந்திருக்கும். இதை மனதில் வைத்துக்கொண்டால் நீங்கள் எழுதியிருக்கும் எல்லாமே விளங்கும்.

70 கிலோ எடையுள்ளவரின் உடம்பில் ஏறத்தாழ 3,500 மில்லிமோல் பொட்டாசியம் இருக்கிறது. அதில் 98 சதவீதம் செல்களுக்குள், பெரும்பங்கு தசையில். செல்லுக்கு வெளியே ரத்தத்திலும் மற்ற நீரிலும் சேர்த்து 60, 70 மில்லிமோல்தான். அதில் 30 உள்ளே நகர்ந்தால் போதும், ரத்தத்தில் 4 என்று இருந்தது 2 ஆகிவிடும்.

உள்ளே இழுப்பது சோடியம்–பொட்டாசியம் பம்ப். வெளியே கசியவிடுவது 'கிர்' வகைப் பொட்டாசியம் சேனல்கள், அதாவது செல்லின் உறையில் உள்ள நுண்ணிய வாசல்கள். தைராய்டு ஹார்மோன் மிகுந்தால் பம்புகளின் எண்ணிக்கை கூடும். வயிறு நிறையச் சோறும் இனிப்பும் சாப்பிட்டால் சுரக்கும் இன்சுலின் அந்தப் பம்புகளை முடுக்கிவிடும். சேனல் வழியே வெளியேறுவதையும் அது மட்டுப்படுத்தும். இந்த நோயாளிகள் சிலரிடம் 'கிர் 2.6' என்ற சேனலின் மரபணுவில் கோளாறு இருப்பது 2010-ல் கண்டறியப்பட்டது. அந்த மரபணுவும் தைராய்டு ஹார்மோனின் பேச்சைக் கேட்பதுதான்! தைராய்டு மிகைப்பு பெண்களிடம் அதிகம், இந்தப் பக்கவாதமோ பெரும்பாலும் இளம் ஆண்களுக்கு வருகிறது.

தசை ஏன் அசைவதில்லை? ஓய்வில் தசைச் செல்லின் உட்புறம் சுமார் −85 மில்லிவோல்ட்டில் இருக்கும். வெளியே பொட்டாசியம் குறைந்தால் இது இன்னும் கீழே இறங்கவேண்டும். ஓரளவு வரை இறங்கவும் செய்யும். ஆனால் கிர் சேனலுக்கு ஒரு வினோத குணம்: வெளியே பொட்டாசியம் குறையக் குறைய அதுவும் ஒடுங்கிக்கொள்ளும். ஒரு கட்டத்தில், உள்ளே கசியும் கொஞ்சம் சோடியத்தின் கை ஓங்கி, மின்னழுத்தம் −60 பக்கம் ஏறி நின்றுவிடும். அந்த நிலையில் சோடியம் சேனல்கள் பூட்டிக்கொள்ளும். நரம்பின் கட்டளை தசை வரை வந்து சேர்கிறது, தசையால் அதை ஏற்க முடிவதில்லை.

குளுக்கோஸ் பாட்டில் ஏற்றியதும் கை விழுந்தது ஏன் என்று இப்போது தெரிந்திருக்கும்: குளுக்கோஸ், இன்சுலின், பம்ப். பொட்டாசியத்தைச் சலைனிலோ மானிட்டாலிலோ கலந்துதான் கொடுக்கவேண்டும். விழுங்க முடிகிறவருக்கு சிரப்பே நல்லது. கடையில் கிடைக்கும் பொட்டாசியம் குளோரைடு சிரப்பில் வழக்கமாக 15 மி.லி.க்கு 20 மில்லிமோல் இருக்கும். 2 மணி நேரத்துக்கு ஒருமுறை 30 மில்லிமோல், 24 மணி நேரத்தில் 90-க்கு மேல் வேண்டாம் என்பது கணக்கு. நரம்பு வழியாக என்றால் மணிக்கு 10 மில்லிமோல், ஈ.சி.ஜி. மானிட்டரைப் பார்த்தபடி. 'உடம்பில் இவ்வளவு குறைந்திருக்கிறது' என்று கணக்குப் போட்டு ஈடுகட்டினால், தாக்குதல் தணியும்போது தசைக்குள் இருந்ததும் திரும்பி வந்து இரண்டும் சேர்ந்துகொள்ளும். உங்கள் தம்பியின் 5.8 அப்படி வந்ததாகவே தோன்றுகிறது. இதயத்தை நிறுத்தக்கூடியது அந்த ஏற்றம்தான்.

டி.எஸ்.எச். (தைராய்டு ரத்தப் பரிசோதனை) முடிவு வரும்வரை ஒரு மருந்தில் அவசரப்படக் கூடாது: அசிட்டசோலமைடு. பரம்பரையாக வரும் குறைபொட்டாசியப் பக்கவாதத்தில் (அதில் பழுது பொட்டாசியம் சேனலில் இல்லை, கால்சியம் அல்லது சோடியம் சேனலில்) பலருக்கு இது தாக்குதலைத் தடுக்கிறது. தசையில் கால்சியத்தால் திறக்கும் பொட்டாசியம் சேனல்களை இது திறந்துவிடுவதை எலிகளில் பார்த்திருக்கிறார்கள். தைராய்டால் வரும் வகையிலோ இது பயன்படாது, நிலைமை மோசமாகவும் செய்யலாம். அங்கே கைகொடுப்பது ப்ரோப்ரனலால். அட்டினலால் அதற்கு ஈடாகாது. தசைப் பம்பை முடுக்குவது அட்ரினலின் வந்து பொருந்தும் பீட்டா 2 ஏற்பி. ப்ரோப்ரனலால் அதையும் அடைக்கும், அட்டினலால் முக்கியமாக அடைப்பது பீட்டா 1. ஆஸ்துமா இருந்தால் ப்ரோப்ரனலால் கூடாது என்பதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். தைராய்டு கட்டுக்குள் வந்துவிட்டால் இந்தத் தாக்குதல்களும் நின்றுவிடும்.

கேள்வி: பத்து வருடமாகச் சர்க்கரைக்கு கிளிபென்கிளமைடு சாப்பிடுகிறேன். அது தசையின் பொட்டாசியம் சேனலை அடைத்துவிடும், அதனால்தான் கால் அசதி என்று வாட்ஸ்அப்பில் வந்தது. உண்மையா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், தென்காசி

பதில்: பாதி உண்மை. கணையத்திலும் தசையிலும் ஏ.டி.பி.யால் (செல்லின் எரிபொருள்) மூடும் பொட்டாசியம் சேனல் இருக்கிறது. துளை இரண்டிலும் ஒன்றே, கிர் 6.2. கூட வரும் துணைப்புரதம்தான் வேறு: கணையத்தில் எஸ்.யூ.ஆர். 1, தசையில் எஸ்.யூ.ஆர். 2ஏ. கிளிபென்கிளமைடு இரண்டையும் பிடிக்கும். கிளிக்லசைடு பெரும்பாலும் கணையத்தோடு நின்றுகொள்ளும்.

தசை கடுமையாக உழைத்து ஏ.டி.பி. குறையும்போது இந்தச் சேனல் திறந்து செல்லை அடக்கிவைக்கிறது. எரிபொருள் தீர்வதற்குள் வேகத்தைக் குறைக்கும் ஏற்பாடு. கிர் 6.2 இல்லாத எலிகளை ஓடவிட்டால் தசை நார்கள் சேதமாகின்றன. ஆனால் வழக்கமான அளவில் மாத்திரை சாப்பிடும் மனிதரின் கால் அசதிக்கு இதைக் காரணம் காட்ட முடியாது. உங்கள் வயதில் கிளிபென்கிளமைடால் வரக்கூடிய பெரிய ஆபத்து சர்க்கரை தாழ்வது, அதிலும் சிறுநீரகம் தளர்ந்திருந்தால். அசதி வரும் அந்த நேரத்திலேயே விரலில் குத்திப் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் விடை அதுவே. இல்லையென்றால் கூடச் சாப்பிடும் மாத்திரைகளைப் பாருங்கள். கொலஸ்ட்ராலுக்கான ஸ்டாட்டின் உண்டா? பிரஷருக்கான தயசைடு பொட்டாசியத்தை இறக்கும், பல வருட மெட்ஃபார்மின் பி12-ஐக் குறைக்கும். மாத்திரையை நீங்களே நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி: பச்சை மத்தாப்புக்குப் பயன்படும் பேரியம் விஷம் என்கிறார்கள். ஸ்கேன் சென்டரில் அதே பேரியத்தை டம்ளரில் குடிக்கத் தருகிறார்களே?
— கல்லூரி மாணவர், சிவகாசி

பதில்: குடிக்கத் தருவது பேரியம் சல்ஃபேட். அது கரையாது, போன வழியே வெளியே வந்துவிடும். பட்டாசில் பச்சை தந்த பேரியம் நைட்ரேட் நீரில் கரையும். (பேரியம் உப்பு சேர்த்த பட்டாசுகளுக்கு 2018-ல் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது.) எலி மருந்தில் இருந்த பேரியம் கார்பனேட் நீரில் கரையாவிட்டாலும் வயிற்று அமிலத்தில் கரைந்துவிடும்.

கரைந்த பேரியம் அயனி ஏறக்குறைய பொட்டாசியத்தின் பருமன்தான், ஆனால் மின்னூட்டம் இரண்டு மடங்கு. அதனால் கிர் சேனலின் துளைக்குள் நுழைந்து அங்கேயே ஒட்டிக்கொள்கிறது. பம்போ பொட்டாசியத்தை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கிறது, வெளியேறும் வாசல் அடைத்துக் கிடக்கிறது. முதலில் வாந்தி, பேதி, வாயைச் சுற்றி மதமதப்பு. சில மணி நேரத்தில் கால், கை, கடைசியில் மூச்சுத் தசை. சீனாவின் சிச்சுவானில் 'பா பிங்' என்று ஊரார் சொன்ன பக்கவாதம், சமையல் உப்பில் கலந்திருந்த பேரியத்தால் வந்தது.

யாராவது விழுங்கிவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் முதல் வார்த்தையாக 'பேரியம்' என்று சொல்லுங்கள். வயிற்றுக்குள் மெக்னீசியம் சல்ஃபேட் கொடுத்தால் அங்கேயே கரையாத சல்ஃபேட்டாகப் படிந்துவிடும். அதையே நரம்பில் ஏற்றினால் சிறுநீரகத்தில் படியும், கூடாது. பொட்டாசியத்தை நரம்பில் ஏற்றுவார்கள், தேவைப்பட்டால் டயாலிசிஸ். பட்டாசு வேலைக்குப் போகிறவர்கள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் டிபன் பாக்ஸைத் திறக்கக் கூடாது.

கேள்வி: 4-அமினோபிரிடின் பொட்டாசியம் சேனலை அடைக்கும் என்று படித்தேன். அப்படியானால் பக்கவாதம் அல்லவா வரவேண்டும்? நடக்க உதவும் மாத்திரையாகத் தருகிறார்களே?
— பி.ஃபார்ம். மாணவி, மதுரை

பதில்: நல்ல கேள்வி. பேரியம் அடைப்பது ஓய்வில் திறந்திருக்கும் கிர் சேனலை. இது அடைப்பது, நரம்பில் மின்துடிப்பை முடித்துவைக்கும் வேறொரு வகையை. துடிப்பு சற்று நீளும். உறை கழன்ற நரம்பிலும் செய்தி கடந்துபோகும். நரம்பின் உறை சிதையும் மல்டிப்பிள் ஸ்க்லரோசிஸ் நோயில் நடைக்காக 10 மி.கி., 12 மணி நேர இடைவெளியில், நாளைக்கு இரண்டு முறை. மறந்துபோன வேளைக்குச் சேர்த்து இரண்டாகப் போட்டால் வலிப்பு வரலாம். வலிப்பு வந்திருப்பவர்களுக்கும் சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் ஆகாது.

கேள்வி: பொட்டாசியம் குறைந்து கால் விழுந்தால் வாழைப்பழம் கொடுத்தால் போதுமா?
— வாசகர், தேனி

பதில்: போதாது. நடுத்தரப் பழம் ஒன்றில் 10 மில்லிமோல் அளவுக்குப் பொட்டாசியம், கூடவே 25 கிராமுக்கு மேல் மாவுச்சத்தும் சர்க்கரையும். மேலே சொன்ன நாமக்கல் தம்பிக்கு அந்த விடியற்காலை மூன்று பழம் கொடுத்திருந்தால் குளுக்கோஸ் பாட்டில் செய்ததையே அதுவும் செய்திருக்கும். ஸ்பைரனோலாக்டோன் அல்லது டெல்மிசார்ட்டன் சாப்பிடும் சிறுநீரக நோயாளிகளுக்கோ தொல்லை எதிர்த்திசையில்: பழமும் இளநீரும் சேர்ந்தால் பொட்டாசியம் ஏறும், ஏறினாலும் தசை விழும்.