பூனையைத் தேடிப் போனவர்

கேள்வி: 'ஏலியன்' படத்தில் தொப்பி போட்டுக்கொண்டு பூனையைத் தேடிப்போய் மாட்டிக்கொள்கிறாரே, அவரை எங்கேயோ பார்த்த மாதிரியே இருக்கிறது. யார் சார் அவர்?
– வாசகர், தேனி

பதில்: ஹாரி டீன் ஸ்டான்டன். நிஜமாகவே எங்கேயோ பார்த்திருப்பீர்கள். 1926-இல் கென்டக்கியில் பிறந்து, இரண்டாம் உலகப் போரில் கடற்படைக் கப்பலில் சமையல்காரராக ஒகினாவா வரை போய்விட்டு வந்து, ஐம்பதுகளில் தொலைக்காட்சி கௌபாய் தொடர்களில் ஆரம்பித்தவர், தொண்ணூறு வயது தாண்டியும் நடித்துக்கொண்டே இருந்தார். 'கூல் ஹேண்ட் லூக்'கில் கிதாரோடு பாடும் கைதி, 'காட்ஃபாதர்' இரண்டாம் பாகத்தில் சாட்சிக்குக் காவலாக வரும் எஃப்.பி.ஐ. ஆள் எல்லாம் இவர்தான்.

'ஏலியன்' படத்தில் அவர் பேசுவதில் முக்கால்வாசி "ரைட்". எதற்கெடுத்தாலும் ரைட் என்கிறாயே என்று படத்தின் நாயகி சிகர்னி வீவர் கேட்டால் அதற்கும் "ரைட்". சாவதற்குக் கொஞ்சம் முன்னால், மேலிருந்து சொட்டும் தண்ணீரை முகத்தில் வாங்கிக்கொண்டு சும்மா நிற்பார் பாருங்கள், வேலை முடிந்த அலுப்பு அத்தனையும் அதில் இருக்கும். எனக்கு அவரைக் கொல்லும் அந்த வேற்றுக்கிரக ஜந்துவைவிட இதுதான் ஞாபகம் இருக்கிறது.

கேள்வி: அப்படிப்பட்டவர் கதாநாயகனாக நடிக்கவே இல்லையா?
– அதே வாசகர்

பதில்: விடமாட்டீர்கள் போல! நடித்தார், அறுபதை நெருங்கும்போது. 1984-இல் விம் வெண்டர்ஸ் எடுத்த 'பாரிஸ், டெக்சாஸ்'. பாலைவனத்திலிருந்து நடந்து வரும் மனிதர், இருபது நிமிடத்துக்கு மேல் வாயே திறக்க மாட்டார், நமக்கே இவர் ஊமையோ என்று தோன்றிவிடும். அப்புறம் கடைசியில், ஒருபக்கம் மட்டுமே தெரியும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, மனைவிக்கு முதுகைக் காட்டியபடி டெலிபோனில் தங்கள் கதையையே யாரோ இருவர் கதை மாதிரி சொல்வார். அந்த ஒரு காட்சிக்காகவாவது படத்தைப் பார்த்துவிடுங்கள்.

கான் திரைப்பட விழாவில் படத்துக்கு அங்கே தரும் உயரிய விருதான தங்கப்பனை கிடைத்தது. சரி, இனி நாயகன் வேடம்தான் என்று அவர் உட்காரவில்லை, இரண்டே வருடத்தில் 'பிரிட்டி இன் பிங்க்'கில் அப்பா வேடம். பிறகு 'பிக் லவ்' தொடரில் பலதார மணம் செய்யும் ஒரு மதக்குழுவின் தலைவர், பார்த்தாலே வயிற்றைக் கலக்கும். ஆஸ்கருக்கு ஒருமுறைகூட அவர் பெயர் பரிந்துரைக்கப்படவில்லை, அதில் எனக்கு வருத்தம்தான்.

கடைசியாக ஒருமுறை நாயகனானது 'லக்கி'யில், தொண்ணூறு வயதுக் கிழவராகவே. இயக்கியவர் ஜான் கரோல் லின்ச், அவரும் ஒரு குணச்சித்திர நடிகர். 2017 செப்டம்பர் 15-ஆம் தேதி ஸ்டான்டன் காலமானார், இரண்டு வாரம் கழித்து அமெரிக்கத் தியேட்டர்களுக்குப் படம் வந்தது.