கேள்வி–பதில்: உகாண்டா கிராம ஆஸ்பத்திரிக்குத் தொண்டு செய்யக் கிளம்புகிறவர்களுக்கு

கே: ஆப்பிரிக்காவில் இலவச மருத்துவச் சேவை செய்ய ஆசை. முழு விவரம் அனுப்பவும். — வாசகர், சேலம்

ப: ஆப்பிரிக்காவில் ஐம்பத்து நாலு நாடுகள். நீங்கள் டாக்டரா, நர்ஸா, எத்தனை மாதம் இருப்பீர்கள் என்று ஒன்றும் எழுதவில்லை. எழுதிவிட்டு மறுபடி கேளுங்கள். மற்ற கடிதங்களில் பெரும்பாலானவை உகாண்டா பற்றியவை. எனக்கும் தெரிந்த ஊர் என்பதால் அதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கே: எம்.பி.பி.எஸ். மூன்றாம் வருஷம். மிஷன் ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் இருந்தால் தனியாகப் பிரசவம் பார்க்க, தையல் போட வாய்ப்புக் கிடைக்குமாமே? — திருநெல்வேலி

ப: உங்கள் காலேஜில் உங்களைத் தனியாகப் பிரசவம் பார்க்க விடுவார்களா? அப்படியானால் அங்கேயும் கூடாது. அந்தப் பெண்ணும் ஒரு வீட்டுப் பிள்ளைதான். போக வேண்டாம் என்று சொல்லவில்லை. அங்கே க்ளினிக்கல் ஆபீசர் என்று ஒருவர் இருப்பார், மூன்று வருஷ டிப்ளமோ படித்தவர். மலேரியாவில் ரத்தம் வற்றிப்போன குழந்தைகளை உங்கள் பேராசிரியரைவிட அதிகம் பார்த்திருப்பார். அவர் பின்னால் வார்டு வார்டாக நடக்கவே ஒரு மாதம் போதாது.

கே: ஐ.சி.யு. நர்ஸ், எட்டு வருஷ அனுபவம். இரண்டு வாரம் லீவு கிடைக்கும். பதிவெல்லாம் அவசியமா? — கோயம்புத்தூர்

ப: அவசியம். நர்ஸுகளுக்கு உகாண்டா நர்ஸஸ் அண்ட் மிட்வைவ்ஸ் கவுன்சில், டாக்டர்களுக்கு வேறு கவுன்சில். இங்கிருந்து குட் ஸ்டாண்டிங் சர்ட்டிபிகேட் (உங்கள் பதிவு ஒழுங்காக இருக்கிறது, புகார் இல்லை என்கிற சான்று) வாங்கவே நாளாகும், ஆகவே ஆறு மாதம் முன்பே ஆரம்பியுங்கள். சுற்றுலா விசாவில் இறங்கி ஊசி போடுவது சட்டப்படி தவறு. மாட்டினால் உங்களைவிட ஆஸ்பத்திரிக்குத்தான் தலைவலி.

இரண்டு வாரம் என்பது, கையுறை எந்த அலமாரியில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு ஊருக்குக் கிளம்புகிற நேரம். மூன்று மாதமாவது வேண்டும். முடியாதென்றால் மேட்ரனுக்கு எழுதி, எதைக் கற்றுக்கொடுத்தால் உபயோகம் என்று கேளுங்கள். உங்கள் வென்டிலேட்டர் அனுபவத்துக்கு அங்கே வேலை குறைவு. கரண்ட் போய் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் நின்றால் என்ன செய்வது என்பதில் அவர்களிடம் நீங்கள்தான் பாடம் கேட்க வேண்டியிருக்கும்.

கே: மஞ்சள் காய்ச்சல் ஊசி கட்டாயமா? — மூன்று பேர்

ப: கட்டாயம். போன தடவையும் எழுதினேன். பயணத்துக்குப் பத்து நாள் முன்பே போட்டிருக்க வேண்டும், ஊசி போட்டதற்குக் கொடுக்கிற அட்டை பத்தாவது நாளிலிருந்துதான் செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். 2016 முதல் ஒரு ஊசி ஆயுளுக்கும் செல்லும். பத்து வருஷத்துக்கு ஒருமுறை என்பது பழைய கணக்கு. அட்டையைத் தொலைத்துவிட்டுத் திரும்பினால், நம் ஊர் விமான நிலையத்திலேயே ஆறு நாள் வரை தனியே வைத்துவிடுவார்கள்.

கே: அங்கேயே வாழ்கிறவர்கள் மலேரியா மாத்திரை போடுவதில்லையே. நமக்கு மட்டும் எதற்கு? சென்னையிலும் மலேரியா உண்டுதானே? — சென்னை

ப: மலேரியாவில் வகைகள் உண்டு. சென்னையில் அதிகம் பார்ப்பது வைவாக்ஸ் என்கிற வகை. அங்கே பெரும்பாலும் ஃபால்சிபாரம் என்கிற கொடிய வகை. காலையில் காய்ச்சல், மறுநாள் நினைவு தப்பியது என்கிற ரகம். அங்கே பெரியவர்களாகி நடமாடுகிறவர்கள் சின்ன வயதில் பத்து இருபது தடவை வந்து தப்பியவர்கள். தப்பாதவர்கள் உங்கள் கண்ணில் பட மாட்டார்கள். மலேரியா வராமலிருக்க டாக்ஸிசைக்ளின் மாத்திரை தினம் ஒன்று, போவதற்கு ஓரிரு நாள் முன்பு தொடங்கி, திரும்பி வந்தும் நாலு வாரம். சாப்பிட்டுவிட்டு நிறையத் தண்ணீரோடு போடுங்கள், உடனே படுக்காதீர்கள், இல்லையென்றால் நெஞ்சு எரியும். உங்களுக்கு அது ஒத்துக்கொள்ளுமா என்பதை உங்கள் டாக்டர் சொல்லட்டும். வந்த பிறகு எப்போது காய்ச்சல் வந்தாலும் டாக்டரிடம் முதல் வார்த்தையாக "உகாண்டா போய் வந்தேன்" என்று சொல்லுங்கள்.

கே: எங்கள் குழுவில் ஆறு பேர். மருந்துக் கம்பெனி ரெப்கள் கொடுத்த சாம்பிள் மாத்திரைகளும் தெரிந்தவர்கள் வீட்டில் மிச்சமானவையும் சேர்த்து நாலு பெட்டி தேறியிருக்கிறது. கஸ்டம்ஸில் எப்படிக் கொண்டுபோவது? — மதுரை

ப: இந்தக் கேள்வி வரக்கூடாது என்று ஒவ்வொரு தடவையும் வேண்டிக்கொள்கிறேன், ஒவ்வொரு தடவையும் வருகிறது. கொண்டுபோகாதீர்கள்.

நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கும் ஒரு குழு இப்படி நாலு பெட்டி கொண்டுவந்தது. இருந்த ஒரே மருந்தாளுநர் இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து பிரித்தார். கத்தரித்த பட்டைகள், காலாவதித் தேதி இருந்த பாதியை யாரோ ஏற்கெனவே விழுங்கியாயிற்று. நாலு மருந்து கலந்த ஜலதோஷ மாத்திரை. பசியெடுக்க டானிக், அதுவும் ஒருவேளைச் சோற்றுக்கு நாலு மைல் நடக்கிற ஊரில்! கடைசியில் உபயோகமானது ஒரு செருப்புப் பெட்டி அளவு. மீதியை எரிக்கவும் முடியாது. குழி தோண்டிக் கொளுத்தினால் நச்சுப் புகைதான் வரும், மாத்திரை பாதி வேகாமல் கிடக்கும், பிள்ளைகள் பொறுக்கும். ஓர் அறையில் போட்டுப் பூட்டினோம். நான் ஊருக்குத் திரும்பும்போதும் அந்த அறை பூட்டியேதான் இருந்தது. படுக்கை போட இடமில்லாத ஆஸ்பத்திரியில் ஓர் அறை.

இது என் ஒருத்தர் புலம்பல் இல்லை. போஸ்னியப் போரின்போது உதவி என்று போய்ச் சேர்ந்ததில் ஏறக்குறைய 17,000 டன் மருந்து உபயோகமற்றது. 2004 சுனாமிக்குப் பிறகு இந்தோனேசியாவின் ஆச்சேவில் வந்து குவிந்தது சுமார் 4,000 டன். அதில் பாதிக்கு மேல் அந்த நாட்டு மருந்துப் பட்டியலிலேயே இல்லாதவை. அதே சுனாமிக்கு நாகப்பட்டினத்தில் பழைய துணி மலையாகக் கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உலக சுகாதார நிறுவனம் 1996-லேயே விதி எழுதிவிட்டது: சாம்பிள் கூடாது, நோயாளி திருப்பிக் கொடுத்தது கூடாது, போய்ச் சேரும்போது ஒரு வருஷமாவது ஆயுள் மிச்சம் இருக்க வேண்டும், வாங்குகிறவர் கேட்டதாக இருக்க வேண்டும். உகாண்டாவில் மருந்து இறக்க நேஷனல் டிரக் அத்தாரிட்டியின் அனுமதியும் வேண்டும்.

இன்னொன்று. முகாம் போட்டு, பிரஷர் பார்த்து, பத்து நாள் மாத்திரை கொடுத்துவிட்டு விமானம் ஏறுகிறீர்கள். பதினோராம் நாள் அந்த அம்மாள் எங்கே போவார்? ஆஸ்பத்திரிக்கு வந்து அதே நிறத்து மாத்திரையைக் கேட்பார். அங்கே இருப்பது வேறு. "இவர்கள் மருந்து சரியில்லை" என்று வராமலே நின்றுவிடுவார்.

அந்தச் சூட்கேஸ்களுக்கு ஆகிற கூடுதல் லக்கேஜ் காசைப் பணமாகக் கொடுங்கள். தலைநகர் கம்பாலாவில் ஜாயின்ட் மெடிக்கல் ஸ்டோர் இருக்கிறது. கத்தோலிக்கர்களும் புராட்டஸ்டன்ட்களும் சேர்ந்து 1979-ல் ஆரம்பித்தது. மிஷன் ஆஸ்பத்திரிகள் மருந்து வாங்குவது அங்கேதான். எதை வாங்குவது என்பதை ஆஸ்பத்திரி பார்த்துக்கொள்ளும். நீங்கள் முதலில் ஒரு கடிதம் போட்டுக் கேட்டிருந்தால் நாலு பெட்டியும் சேர்ந்திருக்காது.

கே: நோயாளிக்குப் போட்ட ஊசி நம் கையில் குத்திவிட்டால்? வீட்டில் பயப்படுகிறார்கள். — லேப் டெக்னீஷியன், தஞ்சாவூர்

ப: பயம் நியாயம்தான். குலு ஊரின் லாகோர் ஆஸ்பத்திரியில் 1961 முதல் இருந்த கனடா நாட்டு சர்ஜன் லூசில் டீஸ்டேல், போரில் காயம்பட்டவர்களுக்கு ஆபரேஷன் செய்கையில் எச்.ஐ.வி. தொற்றி 1996-ல் இறந்தார். ஊசி குத்தின பிறகு தொற்றாமல் தடுக்கிற மாத்திரை அவருக்குத் தொற்றிய காலத்தில் கிடையாது, இன்று உண்டு. குத்தின இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், நசுக்காதீர்கள். சில மணி நேரத்துக்குள், அதிகம் போனால் 72 மணி நேரத்துக்குள் மாத்திரை ஆரம்பித்து 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். போய் இறங்கிய முதல் நாளே அந்த மருந்து எந்த அறையில், சாவி யாரிடம் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஹெபடைடிஸ் பி மூன்று ஊசிக்கு ஆறு மாதம் ஆகும். டிக்கெட் போட்ட பிறகு நினைத்துக்கொள்கிற விஷயமில்லை.

கே: நான் இந்து. மிஷன் ஆஸ்பத்திரியில் சங்கடம் வருமா? — ஈரோடு

ப: காலையில் ரவுண்ட்ஸுக்கு முன்பு ஜெபம் இருக்கும், பாட்டும் இருக்கும். பேசாமல் உட்கார்ந்திருங்கள், அறிவிப்புகள் எல்லாம் அங்கேதான் சொல்வார்கள். வேலூர் சி.எம்.சி.யில் வைத்தியம் பார்த்துக்கொண்ட நம்மவர்கள் என்ன சங்கடப்பட்டார்கள்?

கே: சாப்ட்வேர் வேலை. மருத்துவம் தெரியாது. நான் போய் என்ன பயன்? — பெங்களூரு

ப: மருந்துக் கிடங்கின் இருப்புக் கணக்கை ஒழுங்குபண்ணத் தெரியுமா? சோலார் இன்வெர்ட்டர் பழுது பார்க்கத் தெரியுமா? தெரிந்தால் இரண்டாவது டாக்டரைவிட உங்களை நன்றாகவே வரவேற்பார்கள். ஆனால் முதலில் கடிதம் போட்டுக் கேளுங்கள்.

கே: சைவ உணவு கிடைக்குமா? துணிமணி என்ன கொண்டுபோக? — நாகர்கோவில்

ப: மட்டோக்கே என்று வாழைக்காயை அவித்து மசித்தது, போஷோ என்று சோளமாவுக் களி, பீன்ஸ். பட்டினி கிடக்க மாட்டீர்கள். ஊறுகாய் எடுத்துக்கொள்ளுங்கள். தென்மேற்கு மலைப்பக்கம் போனால் ஸ்வெட்டர் வேண்டும். கபாலேயில் ராத்திரி கொடைக்கானல் குளிர். வெளியே காயப்போட்ட துணியை, உள்ளாடை உட்பட, இரண்டு பக்கமும் சூடாக இஸ்திரி போடாமல் உடுத்தாதீர்கள். ஈரத் துணியில் ஒரு ஈ முட்டையிடும், புழு தோலுக்குள் போய்க் கட்டியாகும். கரி இஸ்திரிப் பெட்டி அங்கே எல்லார் வீட்டிலும் இருக்கும்.