வாசகர் கேள்வி பதில்: குனிசாகி மலைக் கோயில்கள்

கேள்வி: மகன் டோக்கியோவில் வேலை பார்க்கிறான். போன தடவை அசகுசா, கியோட்டோ எல்லாம் கூட்டத்தோடு கூட்டமாகப் பார்த்தாயிற்று. இந்த முறை கிராமத்துப் பக்கம் அமைதியான கோயில்களுக்குப் போக ஆசை. வயது 63, முட்டி வலி உண்டு. எங்கே போகலாம்? - ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: கியூஷு தீவில் இருக்கும் குனிசாகி தீபகற்பத்துக்கு வாருங்கள் அம்மா. நான் ஓயிதாவில் குடியிருக்கிறேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் முதலில் கூட்டிப்போவது அங்கேதான். டோக்கியோவிலிருந்து ஓயிதாவுக்கு விமானம் உண்டு. விமான நிலையமே அந்தத் தீபகற்பத்தின் கடலோரத்தில்தான் இருக்கிறது. கோயிலுக்குக் கோயில் போக பஸ்ஸை நம்ப முடியாது. மகனை வாடகைக் கார் எடுக்கச் சொல்லுங்கள்.

முதலில் ஃபுகிஜி என்ற பௌத்தக் கோயில். கியூஷுவில் இன்று நிற்கும் மரக் கட்டடங்களிலேயே பழையது, ஹெயான் காலத்தின் கடைசிப் பகுதியை, அதாவது சுமார் 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஒரே ஒரு கயா மரத்தை வெட்டிக் கட்டினார்கள் என்று ஊரில் சொல்வார்கள். உள்ளே அமிதா புத்தர். சுவரெல்லாம் அவருடைய சொர்க்கத்தை வரைந்திருக்கிறார்கள். வண்ணம் பெரும்பாலும் மங்கிவிட்டது. எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினால் ஒன்றும் தெரியாது. உள்ளே கொஞ்ச நேரம் உட்காருங்கள். கண் இருட்டுக்குப் பழகினால் ஒவ்வொரு உருவமாகத் தெரிய ஆரம்பிக்கும். மழை நாளில் ஓவியங்களுக்கு ஈரம் ஆகாது என்று மண்டபத்தைத் திறக்க மாட்டார்கள். அதனால் வானிலை பார்த்துக் கிளம்புங்கள்.

அப்புறம் பக்கத்திலேயே மகி ஓதோ என்ற சிலை மண்டபம். இங்கே தைஇதோகு மியோஓ என்ற தெய்வம் ஆறு முகம், ஆறு கை, ஆறு காலோடு எருமை மேல் உட்கார்ந்திருக்கிறது. எருமையைப் பார்த்ததும் நமக்கு யமன் நினைவு வரும். சரியாகத்தான் வருகிறது: யமனை அடக்கிய இந்தத் தெய்வத்துக்கு சமஸ்கிருதத்தில் யமாந்தகன் என்று பெயர். இந்தியாவில் புறப்பட்டு சீனா வழியாக இந்த வயல்காட்டுக்கு வந்து சேர்ந்தவர். எனக்கு மிகவும் பிடித்த சிலை.

குமானோ பாறைச் சிற்பங்களைப் பற்றி மட்டும் உங்கள் முட்டியை நினைத்துத் தயங்குகிறேன். மலைப்பாறையில் சுமார் 8 மீட்டர் உயரத்துக்கு ஃபுதோ மியோஓ என்ற பௌத்தக் காவல் தெய்வம். கோபமுகம் காட்ட வேண்டியவர் இங்கே சாந்தமாக இருக்கிறார். ஆனால் அங்கே போகும் படிகள் ஒழுங்கில்லாத கருங்கற்கள். விடிவதற்குள் 100 படி கட்டினால் மனிதர்களைத் தின்னலாம் என்று ஒரு சிவப்புப் பூதத்துக்குக் குமானோ தெய்வம் நிபந்தனை போட்டதாம். 99 முடிந்ததும் பயந்துபோன தெய்வம் சேவல் மாதிரிக் கூவ, பூதம் கடைசிக் கல்லோடு ஓடிவிட்டது என்பது கதை. ஏறுவதைவிட இறங்குவதுதான் கஷ்டம், மழைக்குப் பின் வழுக்கும். மகன் போய் வரட்டும். உங்களுக்கு ஓயிதாவுக்குத் தெற்கே உசுகி கல் புத்தர்கள் இருக்கிறார்கள். 1995இல் தேசியப் பொக்கிஷமாக அறிவிக்கப்பட்டவர்கள், நடையும் எளிது.

கேள்வி: நாங்கள் இந்துக்கள், உள்ளே போய்க் கும்பிடலாமா? கைதட்ட வேண்டுமா? - அதே வாசகி

பதில்: தாராளமாகக் கும்பிடலாம், யாரும் மதம் கேட்பதில்லை. பௌத்தக் கோயிலில் கைகூப்பினால் போதும், தட்டக் கூடாது. ஜப்பானின் சொந்த மதமான ஷின்டோவின் கோயிலில் இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை கைதட்டி, வேண்டிக்கொண்டு, மறுபடி ஒருமுறை குனிய வேண்டும். பக்கத்திலுள்ள உசா ஜிங்குவில் மட்டும் நான்கு தட்டு. ஹச்சிமான் என்ற ஷின்டோ தெய்வத்தின் கோயில்களுக்கெல்லாம் தலைமைக் கோயில் அது. அதுவரை கலந்திருந்த பௌத்தம், ஷின்டோ இரண்டையும் பிரிக்க 1868இல் மெய்ஜி பேரரசரின் அரசு உத்தரவு போட்டது. ஆனாலும் குமானோ மலையில் அடிவாரத்தில் பௌத்தக் கோயில், நடுவில் பாறைச் சிற்பம், மேலே ஷின்டோ கோயில் என்று இன்றும் ஒன்றாகத்தான் இருக்கின்றன.

ஒன்று மட்டும் அழுத்திச் சொல்கிறேன். வழியில் பூசாரியே இல்லாத சின்னச் சின்னக் கோயில்கள் வரும். கேட்பாரற்ற இடம் என்று நினைத்துவிடாதீர்கள். இலை பெருக்குவதும் பூ மாற்றுவதும் அந்த ஊரின் வயதானவர்கள். பிள்ளைகள் நகரத்துக்குப் போய்விட்ட ஊர்கள் அவை. உண்டியலில் காசு போடுங்கள், எதிரே வருபவருக்கு வணக்கம் சொல்லுங்கள், சன்னதிக்குள் போட்டோ வேண்டாம்.

கேள்வி: சைவச் சாப்பாடு கிடைக்குமா?

பதில்: கஷ்டம். இந்தத் தீபகற்பத்திலுள்ள புங்கோதகாதா ஊரில் சோபா நூடுல்ஸ் பிரபலம்தான், ஆனால் தொட்டுக்கொள்ளும் சாற்றில் பெரும்பாலும் மீன் சேர்ந்திருக்கும். எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு வாருங்கள். குப்பைத் தொட்டி எங்கும் இருக்காது, ஒரு பையும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.