ஷூ ஆம்பூர்ல, லாபம் தீவுல: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ யூனிட்ல அக்கவுன்ட்ஸ் பாக்கறேன் சார். ஐரோப்பா பிராண்டுக்கு தைச்சு அனுப்பறோம். அந்த ஊர் கடை விலை ஸ்டிக்கரே எங்க பேக்கிங் செக்‌ஷன்லதான் ஒட்டறாங்க, அத்த பாத்தா வயிறு எரியுது. எங்க மொதலாளி ஒழுங்கா 25 பர்சென்ட் டாக்ஸ் கட்டறாரு, பெரிய கம்பெனிங்க மட்டும் எப்படி கட்டாம தப்பிக்குது? ரெண்டு நாட்டு வரி ஒப்பந்தம்ங்கறாங்களே, அது யாருக்காக?

பதில்: அந்த ஸ்டிக்கர்லயே பாதி பதில் இருக்குங்க. பேச்சுக்கு நீங்க ஒரு ஜோடி 20 யூரோவுக்கு அனுப்பறீங்க, கடையில 120 யூரோனு வெச்சுக்குவோம். நடுவுல இருக்கற 100 யூரோல கப்பல் கூலி, கடை வாடகை, அந்த ஊர் சம்பளம், விளம்பரம்லாம் போவ ஒரு லாபம் மிஞ்சும்ல, அது எந்த நாட்டு கணக்குல நிக்கணும்ங்கறதுதான் மொத்த சண்டையும். பிராண்ட் பேரையும் டிசைனையும் வரி கம்மியா இருக்கற ஏதோ ஒரு நாட்டுல துணை கம்பெனி ஒண்ணு ஆரம்பிச்சு அது பேர்ல எழுதி வெச்சுடுவாங்க, அப்பறம் ஜெர்மனியில கடை நடத்தற கம்பெனி ஜோடிக்கு இவ்ளோனு அதுக்கு ராயல்டி, அதாவது பேரையும் டிசைனையும் பயன்படுத்தறதுக்கான கூலி கட்டும், ராயல்டி செலவுல போயிடும், ஜெர்மனியில லாபம் சுருங்கிடும், அங்க வரியும் சுருங்கிடும். ரெண்டு பாக்கெட்டும் ஒரே சட்டையிலதான் இருக்குது. எல்லா பிராண்டும் இப்படித்தான்னு சொல்லல, ஆனா வழி இதுதான்.

பெரிய உதாரணம் ஆப்பிள். ஐரோப்பாவுல போன் எங்க வித்தாலும் விற்பனைய அயர்லாந்து கம்பெனி கணக்குல எழுதி, லாபத்துல பெரும்பங்க ஒரு ‘ஹெட் ஆபீஸுக்கு’ தள்ளினாங்க. அந்த ஹெட் ஆபீஸுக்கு ஆளும் கிடையாது, கட்டடமும் கிடையாது, எந்த நாட்லயும் கிடையாது. ஐரோப்பிய கமிஷன் 2016-ல போட்ட கணக்குப்படி 2014-ல அந்த கம்பெனி கட்டுன வரி 0.005 பர்சென்ட், அதாவது 10 லட்சம் யூரோ லாபத்துக்கு 50 யூரோ. நம்ம ஊர்ல பரோட்டா கடைக்காரர் கூட இத விட ஜாஸ்தி கட்டுவாரு. கேஸ் இழுத்து இழுத்து 2024 செப்டம்பர்லதான் ஐரோப்பிய கோர்ட் ஆப்பிள் அயர்லாந்துக்கு 1,300 கோடி யூரோ வரி பாக்கி கட்டணும்னு முடிவா சொல்லுச்சு. இதுல கூத்து என்னன்னா, இந்த பணம் எங்களுக்கு வேணாம்னு கோர்ட்டுக்கு போனதே அயர்லாந்து கவர்மென்ட்டுதான், கம்பெனிங்க ஓடிடுமோன்னு அவங்களுக்கு பயம்.

ஒப்பந்தம் வந்தது இதுக்காக இல்ல. ஒரே வருமானத்துக்கு ரெண்டு நாடும் வரி போட்டா எவன் எல்லை தாண்டி வியாபாரம் பண்ணுவான்னு 1920-கள்ல ஐநாவுக்கு முன்னாடி இருந்த லீக் ஆஃப் நேஷன்ஸ்ல பேச ஆரம்பிச்சு, 1928-ல மாதிரி ஒப்பந்தம் எழுதினாங்க. அதுலருந்து வந்த முக்கியமான விதி, வெளிநாட்டு கம்பெனிக்கு ஒரு நாட்டுல ஆபீஸோ ஃபேக்டரியோ மாதிரி நிலையான எடம் இருந்தாதான் அந்த நாடு அதோட வியாபார லாபத்துக்கு வரி போட முடியும்ங்கறது. தோல் ஷாப்புக்கும் மில்லுக்கும் அது சரி. நம்ம போன்ல விளம்பரம் காட்டி காசு பாக்கறவனுக்கு வேலூர்ல ஆபீஸ் எதுக்கு சொல்லுங்க? அதனாலதான் இந்தியா 2016-ல ஆன்லைன் விளம்பரத்துக்கு 6 பர்சென்ட் தனி வரி போட்டுச்சு. 2025 ஏப்ரல்ல அதையும் எடுத்துட்டாங்க, அமெரிக்கா இறக்குமதி வரி போடறேன்னு மெரட்டிக்கினு இருந்த நேரம் அது, அவசரப்பட்டு விட்டுக் குடுத்துட்டோம்னுதான் எனக்கு தோணுது.

உங்க மொதலாளி விஷயத்துக்கு வரேன். அந்த பிராண்டும் உங்க யூனிட்டும் ஒரே குரூப் இல்லன்னா டிரான்ஸ்ஃபர் பிரைசிங் தலவலி அவருக்கு பெருசா வராது, அது ஒரே குடும்பத்து கம்பெனிங்க நடுவுல நடக்கற விலைய வெளி மார்க்கெட் விலையோட ஒப்பிட்டு பாக்கறது, நம்ம நாட்டுல 2001-லருந்து இருக்கு.

கேள்வி: இந்தியாவுக்கு வர்ற அன்னிய முதலீட்டுல மொரீஷியஸ் பேரு மேலயே நிக்குதே, குட்டித் தீவுக்கு அவ்ளோ பணம் ஏது? - குடியாத்தம் வாசகர்

பதில்: பணம் அந்த ஊர்து இல்ல, அந்த வழியா வந்துது, அவ்ளோதான். 1982-ல போட்ட ஒப்பந்தப்படி மொரீஷியஸ் கம்பெனி இந்திய ஷேர வித்து லாபம் பாத்தா வரி போடற உரிமை மொரீஷியஸுக்கு மட்டும்தான், அவங்களோ அந்த லாபத்துக்கு வரியே போடறதில்ல. அப்போ அமெரிக்காகாரன் என்ன பண்ணுவான், அங்க ஒரு கம்பெனிய பதிவு பண்ணிட்டு உள்ள வருவான். நம்ம கவர்மென்ட்டுக்கு தெரியாமலா? 2000-ல அவங்களே சர்க்குலர் விட்டாங்க, மொரீஷியஸ் குடுக்கற வசிப்பிட சான்றிதழ் இருந்தா போதும், மேல கேக்காதீங்கன்னு. 2003-ல சுப்ரீம் கோர்ட்டும் அத்த சரின்னு சொல்லிடுச்சு. முதலீடு வரணும்ங்கற ஆசைதான், ஏமாந்தோம்னு சொல்றது பொய்.

2016 மே மாசம் ஒப்பந்தத்த திருத்தி, 2017 ஏப்ரல் 1-லருந்து வாங்கற ஷேருக்கு இந்தியா வரி போடலாம்னு ஆச்சு, பழைய ஷேருக்கு சலுகை விட்டு வெச்சாங்க. 2017-ல பாரிஸ்ல ஒரே கையெழுத்துல பல ஒப்பந்தத்த திருத்தற பொது உடன்படிக்கை ஒண்ணு வந்துது, சலுகைக்காகவே ஜோடிச்ச ஏற்பாடுன்னா சலுகை கிடையாதுன்னு அதுல இருக்கு, ஆனா அதால திருத்த வேண்டிய ஒப்பந்தங்களோட பட்டியல்ல மொரீஷியஸ் இந்தியாவ சேக்கவே இல்ல. அதே ஷரத்துக்காக 2024 மார்ச்ல தனியா இன்னொரு கையெழுத்து போட வேண்டியதாச்சு.

கேள்வி: ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா மூடுனது டாக்ஸ் கேஸாலதானா? ஆற்காடு, வாலாஜாவுல இன்னும் அப்படித்தான் பேசினு இருக்காங்க.

பதில்: முழுக்க இல்ல, ஆனா கேஸுக்கும் பங்கு இருக்கு. பின்லாந்து தாய் கம்பெனிக்கு சாஃப்ட்வேருக்காக அனுப்பன பணம் ராயல்டி, அதுல வரி பிடிச்சிருக்கணும்னு 2013-ல இன்கம் டாக்ஸ் டிபார்ட்மென்ட் கேட்டுச்சு, சொத்த முடக்கிட்டாங்க. அதனால நோக்கியா போன் பிசினஸ மைக்ரோசாஃப்ட்டுக்கு வித்தப்போ இந்த ஃபேக்டரி மட்டும் கை மாற முடியல. கொஞ்ச நாள் ஆர்டர் எடுத்து ஓட்டினாங்க, ஆர்டரும் நின்னுது, 2014 நவம்பர் 1-ல ஷட்டர் எறங்கிடுச்சு. வழக்கு மட்டும் இந்தியா பின்லாந்து ஒப்பந்தத்துல இருக்கற, ரெண்டு நாட்டு அதிகாரிங்களும் உக்காந்து பேசற வழியில 2018-ல முடிஞ்சுது. அதே பேச்ச நாலு வருஷம் முன்னாடி பேசி இருக்கலாம், ஆயிரக்கணக்குல பசங்க வேலைய விட்டுட்டு வந்த பிறகு யாருக்கு என்ன லாபம்.

கேள்வி: உலகம் பூரா 15 பர்சென்ட் குறைஞ்சபட்ச வரின்னு சொன்னாங்களே, வந்துடுச்சா? - காட்பாடி மாணவி

பதில்: பாதி வந்துதும்மா. 2021 அக்டோபர்ல 136 நாடு ஒத்துக்கிச்சு, வருஷத்துக்கு 75 கோடி யூரோவுக்கு மேல வரவு இருக்கற குரூப்புக்கு எங்கயாவது 15-க்கு கம்மியா வரி இருந்தா மிச்சத்த வேற நாடு வசூல் பண்ணிக்கலாம். ஐரோப்பிய நாடுங்க 2024-லருந்து ஆரம்பிச்சாங்க. ட்ரம்ப் 2025 ஜனவரியில பதவிக்கு வந்ததும் இது எங்கள கட்டுப்படுத்தாதுன்னு சொல்லிட்டாரு, ஜூன்ல ஜி7-ங்கற ஏழு பணக்கார நாடுங்களும் அமெரிக்க கம்பெனிங்கள இதோட முக்கிய விதிகள்லருந்து விலக்கறதுக்கு தலையாட்டிடுச்சு. பெரிய ஆளுங்க பாதி பேரு அந்த ஊர்க்காரங்கதான்னா மிச்சத்த நீயே கணக்கு போட்டுக்கோ. ஏழை நாடுங்க இதுக்கு முன்னாடியே பேச்ச ஐநாவுக்கு கொண்டு போயிட்டாங்க, ஆப்பிரிக்க நாடுங்க 2023-ல தீர்மானம் கொண்டு வந்து ஜெயிச்சாங்க, 2027 வரைக்கும் பேச்சு வார்த்தைனு திட்டம். நான் அந்தப் பக்கம்தான். விதிய எழுதற மேசையில உக்காராதவனுக்கு எல பந்தியில கடைசியாத்தான் விழும்.

கேள்வி: ஆப் வழியா அமெரிக்க ஷேர் கொஞ்சம் வாங்கினேன், கம்பெனி குடுத்த டிவிடெண்டுல, அதாவது லாபப் பங்குல 25 பர்சென்ட் வரி அங்கயே பிடிச்சுட்டான். இங்க மறுபடியும் கட்டணுமா? - வாணியம்பாடி

பதில்: முழு டிவிடெண்டையும் இங்க வருமானமா காட்டணும், அங்க பிடிச்சத இங்க வர்ற வரியில கழிச்சுக்கலாம், ஒப்பந்தம் இருக்கறதே அதுக்குத்தான். உங்களுக்கு இங்க வரி அத விட கம்மியா வந்தா மிச்சம் திரும்ப வராது. வெளிநாட்டு வரிக்குன்னு தனி ஃபாரம் இருக்கு, அத்த போடாம விட்டா கழிவுல சிக்கல் வரும். ஷேர் வெச்சிருக்கறதையும் ரிட்டர்ன்ல வெளிநாட்டு சொத்து பகுதியில காட்டுங்க, சின்ன தொகைதானேனு விட்டுடாதீங்க.