பூங்கா வேலியில் காகிதப்பூ இலையாகவே தழைக்கிறது, பூக்கவில்லை

பூங்கா வேலியில் உள்ள காகிதப்பூவை மாதம் ஒருமுறை மட்டமாக வெட்டுகிறோம், இலைதான் வருகிறது, பூ வரவில்லை, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தீர்கள். மாதாமாதம் கத்தரிப்பதை முதலில் நிறுத்துங்கள். காகிதப்பூ புதுத் தளிரின் நுனிப்பக்கம்தான் பூக்கும். இப்படி மாதாமாதம் வெட்டினால், மொட்டு வைக்கப்போகிற கிளையே போய்விடும். பூத்து ஓய்ந்ததும் ஒருமுறை வெட்டினால் போதும்.

எனக்கு இன்னொரு சந்தேகம், பக்கத்துப் புல்தரை. புல்லுக்குப் போடும் தண்ணீரும் யூரியாவும் இதன் வேருக்கும் போனால் இலைதான் கொழுக்கும். வேரோரம் விரல் நீளத்துக்கு மண்ணைக் கிளறிப் பாருங்கள். எப்போது பார்த்தாலும் ஈரமாக இருந்தால், தண்ணீரைக் குறைத்து, மேல்மண் நன்றாகக் காய்ந்த பிறகே விடுங்கள்.

அப்புறம் தளிர் நுனியைக் கவனித்துக்கொண்டே இருங்கள். மூன்று குட்டி இலைகள் கூம்பாகச் சேர்ந்து நிறம் ஏற ஆரம்பித்தால் செடி வழிக்கு வந்துவிட்டது. நாம் பூ என்று ரசிப்பது அந்த வண்ண இலைகளைத்தான். ஒவ்வொன்றின் உள்பக்கமும் ஒட்டியிருக்கும் சின்ன வெள்ளைக் குழல்தான் நிஜப் பூ. கிட்டப் போய்ப் பாருங்கள், அவ்வளவு அழகு.

ஆனால் தினமும் 5, 6 மணி நேரமாவது நேர் வெயில் படாத இடமென்றால் இதெல்லாம் பெரிதாகப் பலிக்காது. மரநிழலில் இருப்பவற்றை இடம் மாற்றத்தான் வேண்டும். வேர் மெல்லியது, மண்கட்டி உடையாமல் எடுங்கள்.