‘புளூ போல்ஸ்’: ஓர் ஓவியமும் அதன் விலையும்

கேள்வி: அமெரிக்க ஓவியர் ஜாக்சன் போலாக்கின் ‘புளூ போல்ஸ்’ (நீலக் கம்பங்கள்) ஓவியத்தை ஆஸ்திரேலிய அரசு வாங்கியபோது கடும் எதிர்ப்பு எழுந்தது ஏன்? அதை அவர் தனியாக வரையவில்லை என்பது உண்மையா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: நியூயார்க் மாநிலத்தின் லாங் தீவில் உள்ள ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூரில், வீட்டை ஒட்டிய கொட்டகையில், 1952இல் போலாக் தீட்டிய ஓவியம் இது. உயரம் ஏறத்தாழ 2.1 மீட்டர், அகலம் 4.9 மீட்டர். கித்தானைத் தரையில் விரித்து, அதைச் சுற்றி நடந்தபடியே எனாமல் பெயின்டைக் குச்சியிலிருந்து சொட்டவும் வழியவும் விடுவது அவருடைய முறை. இந்த ஓவியத்தில் அலுமினியப் பெயின்டும் உடைந்த கண்ணாடித் துண்டுகளும் அடுக்குகளில் பதிந்திருக்கின்றன. ‘எண் 11, 1952’ என்ற பெயரில் முதலில் காட்சிக்கு வந்தது. இன்றைய பெயர் 1954இல் அமைந்தது.

1973இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்துக்காக இதை 13 லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கு வாங்க அதன் பொறுப்பு இயக்குநர் ஜேம்ஸ் மாலிசன் முனைந்தபோது, பத்து லட்சத்துக்கு மேல் செலவிட அவருக்கு அதிகாரம் இல்லாததால், கோப்பு பிரதமர் கஃப் விட்லமிடம் சென்றது. வாங்கலாம், விலையையும் வெளியிடுங்கள் என்றார் விட்லம். கலைக்கூடத்துக்குக் கட்டடமே எழும்பியிராத நிலையில் (அது திறக்கப்பட்டது 1982இல்தான்), அமெரிக்க ஓவியம் எதற்கும் அதுவரை தரப்படாத தொகையை வரிப்பணத்திலிருந்து கொடுத்ததுதான் மக்களையும் பத்திரிகைகளையும் கொதிக்க வைத்தது. விலையை மறைக்காத அந்த முடிவை நான் மிகவும் மதிக்கிறேன். தங்கள் பணத்தில் வாங்கியதைப் பற்றி மக்கள் வெளிப்படையாக வாதிட முடிந்தது அதனால்தான். 2016இல் இதன் மதிப்பு 35 கோடி ஆஸ்திரேலிய டாலர் என்று சொல்லப்பட்டபோது, விற்று நாட்டின் கடனைக் குறைக்கலாம் என்று ஒரு செனட்டர் கேட்டார். நல்லவேளையாக, விற்கவில்லை.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். தொடக்கத்தில் போலாக்கின் கலைஞர் நண்பர்களான டோனி ஸ்மித்தும் பார்னெட் நியூமனும் இந்தக் கித்தானில் கைவைத்தார்கள் என்ற செய்தி, ஓவியம் விற்பனையான 1973இலேயே பரவியது. போலாக்கின் மனைவியும் ஓவியருமான லீ கிராஸ்னர் அதை மறுத்தார். அவர்கள் கை பட்டிருந்தாலும், அந்தத் தடங்கள் பின்னர் வந்த அடுக்குகளுக்கு அடியில் புதைந்துவிட்டன. பெயின்டில் தோய்த்த மரச்சட்டத்தை அழுத்திப் பதித்த எட்டு நீலக் கம்பங்கள் இறுதிக் கட்டத்தில் வந்தவை. சிதறிக் கிடந்த மஞ்சள், ஆரஞ்சு, வெள்ளிக் கோடுகளுக்கு ஒரு தாளகதியைக் கொடுத்தவை அவையே. கம்பங்களைப் பதிக்கும் அந்த முடிவு போலாக்குடையது என்பதால், ஓவியமும் அவருடையதுதான் என்பதே என் கருத்து.