தம்பி கேட்ட பாதுகாப்பு விசாவை (அகதியாக அடைக்கலம் தருவது) ஆஸ்திரேலியா மறுத்துவிட்டது. பெங்களூரில் இருக்கும் அக்கா நான் என்ன எழுதி அனுப்ப வேண்டும்?

நீங்கள் ஈழத்திலிருந்து கல்யாணமாகி பெங்களூர் வந்தவர், தம்பி விமானத்தில் மெல்பர்ன் போய் விண்ணப்பித்தவர் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். தம்பிக்காக வாதாட அங்கே பதிவு பெற்ற குடியேற்ற ஏஜென்ட்டோ வக்கீலோ வேண்டும். அந்த வேலையை இந்தப் பதில் செய்யாது.

முதலில் நாள் கணக்கு. மறுப்புக் கடிதம் மின்னஞ்சலில் வந்திருந்தால், தம்பி திறந்து பார்த்த நாள் செல்லாது. அனுப்பிய நாள்தான் கணக்கு. அதிலிருந்து 28 நாளுக்குள் நிர்வாக மறுஆய்வுத் தீர்ப்பாயத்துக்கு (ஏ.ஆர்.டி.) விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். தடுப்புக் காவலில் இருந்தால் கெடு இன்னும் குறைவு. ஒரு நாள் பிந்தினாலும், காரணம் எவ்வளவு நியாயமானாலும், தீர்ப்பாயத்தால் ஏற்க முடியாது. 2024 அக்டோபர் 14-க்கு முந்தைய பதில்களில் ஏ.ஏ.டி. என்று இருக்கும், இதற்கு முன்பிருந்த தீர்ப்பாயம் அது. இப்போது கலைக்கப்பட்டுவிட்டது.

தீர்ப்பாயம் அதிகாரியின் தவறைத் தேடுவதில்லை. கோப்பை முதலிலிருந்து எடுத்து, இன்றைய நிலைமையில் தம்பி அகதியா, அகதி இல்லையென்றாலும் திருப்பி அனுப்பினால் கொலை, சித்திரவதை போன்ற கடும் தீங்குக்கான உண்மையான அபாயம் உண்டா என்று புதிதாக முடிவு செய்யும். முடிவு செய்யும் தீர்ப்பாய உறுப்பினரே கேள்வி கேட்பார், மொழிபெயர்ப்பாளர் இருப்பார், எதிர்த்தரப்பு வக்கீல் பெரும்பாலும் வரமாட்டார்.

வழக்குகள் சரிவது பழைய வார்த்தைக்கும் புதிய வார்த்தைக்கும் இடையே. முதல் விண்ணப்பத்தில் சொல்லாததை இப்போது சொன்னால், ஏன் அன்றைக்குச் சொல்லவில்லை என்பதற்கு ஏற்கத்தக்க விளக்கம் வேண்டும். இல்லாவிட்டால் அது நம்பகத்தன்மைக்கு எதிராகவே எடுக்கப்படும். அதனால் நீங்கள் பேனா எடுக்கும் முன், முதல் நேர்காணலின் ஒலிப்பதிவை வாங்கிக் கேட்கச் சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தில் நீங்கள் கண்ணால் கண்டது, போனில் நேரடியாகக் கேட்டது மட்டும் இருக்கட்டும். மாதம் மட்டும்தான் நினைவிருந்தால் மாதத்தை மட்டும் எழுதுங்கள். சிவாஜிநகரிலும் அல்சூரிலும் டி.டி.பி. கடையில் பெயரை மட்டும் மாற்றி அடித்துத் தரும் அஃபிடவிட் வேண்டவே வேண்டாம். ஒரே வாசகத்தில் நாலு கடிதம் சேர்ந்தால் நாலுமே மதிப்பிழக்கும். நோட்டரி முத்திரை கையெழுத்துக்குத்தான் சாட்சி, உள்ளடக்கத்துக்கு அல்ல. தமிழ், சிங்கள ஆவணங்களின் ஆங்கில மொழிபெயர்ப்பில் மொழிபெயர்த்தவரின் முழுப்பெயர், முகவரி, போன், தகுதி எல்லாம் இருக்க வேண்டும். மூலத்தின் நகலையும் கூடவே வையுங்கள்.

இன்னொன்று, பலர் கவனிப்பதில்லை. தம்பி கொஞ்ச நாள் உங்கள் வீட்டில் தங்கியிருந்தால், இந்தியாவில் நுழைந்து வசிக்க உரிமை உண்டா என்ற கேள்வி வரும், உண்டென்றால் அதை வைத்தே அடைக்கலம் மறுக்கப்படலாம். பாசத்தில் "இங்கே என்னோடு இருந்துகொள்ளலாம்" என்று எழுதிவிடாதீர்கள். அப்படி ஓர் உரிமை கிடையாது. எந்த விசாவில் வந்தார், எப்போது முடிந்தது என்று உள்ளபடி எழுதி, பாஸ்போர்ட் பக்கங்களை இணையுங்கள்.

இதை எழுதும்போது மனம் கொதிக்கிறது. இந்தியா 1951 அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை, அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இல்லை. 2019 குடியுரிமைத் திருத்தம் மூன்று நாடுகளைச் சொன்னது, இலங்கையை விட்டுவிட்டது. ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் வந்து இறங்கிய ஈழ அகதிகளின் பேரப்பிள்ளைகள் இன்னும் முகாமில் இருக்கிறார்கள். நான் அரசியல் பேசுகிறேன் என்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

தம்பி ஜெயித்தாலும் அன்றே விசா கையில் வராது. கோப்பு விசா தரும் துறைக்குத் திரும்பும். மருத்துவ, நன்னடத்தை, பாதுகாப்புச் சோதனைகள் பாக்கியிருக்கும். தோற்றால் முடிவுத் தேதியிலிருந்து 35 நாளுக்குள் ஃபெடரல் சர்க்யூட் மற்றும் குடும்ப நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். அங்கே சட்டப் பிழையை மட்டும்தான் பார்ப்பார்கள், உங்கள் கடிதத்தை மறுபடி எடைபோட மாட்டார்கள்.